கடைப்பெயரை விற்க வருகிறவர்களுக்குச் சங்கத்தின் கதவைத் திறக்குமுன்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வர்த்தக சங்கத் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், பொதுச்சந்தை வியாபாரிகள் சங்கங்களை நடத்துகிறவர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். இருப்பது கல்லடியில் என்றாலும் ஏறாவூரிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் என்னிடம் கணக்குக் கொப்பி தருகிறவர்கள் இருக்கிறார்கள். தையல்கடை, பேக்கரி, பலசரக்குக்கடை, மோட்டார் சைக்கிள் திருத்துகிற கடை, கைத்தறி, வீட்டிலிருந்தபடி இடியப்பம் அவித்துக் கொடுக்கிறவர்கள் என்று எல்லா விதமும் உண்டு. பற்றுச்சீட்டுகளை அடுக்கி எழுதும்போது ஒவ்வொரு வருடமும் சிலரிடமிருந்து ஒரே மாதிரியான துண்டு ஒன்று வந்து சேரும்: இணைய டிரெக்டரியில், அதாவது கடைகளின் பெயரையும் இலக்கத்தையும் பட்டியல் போடுகிற இணையத்தளத்தில், கடையின் பெயரைப் பதிந்ததற்கான வருடக் கட்டணம். இதனால் வந்த வியாபாரம் எது என்று கேட்டால் கடைக்காரர் என் முகத்தைப் பார்ப்பார். அவருக்கும் தெரியாது.

இதைக் கடை கடையாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட உங்களிடம் சொல்வதுதான் சரி என்று பட்டது. பதிவு விற்க வருகிறவர்கள் பல இடங்களில் வாயைத் திறந்ததும் சொல்வது "சங்கத்தில கதைச்சிட்டுத்தான் வாறம்" என்பது. சில வேளை அது உண்மை. உறுப்பினர் பட்டியலை அவர்கள் கையில் பார்த்திருக்கிறேன். சில வேளை வெறும் வாய்ப்பேச்சு. எதுவானாலும் சங்கத்தின் பெயரைக் கேட்டதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் கையெழுத்து வைத்துவிடுகிறார். உங்கள் மீது அவருக்கு இருக்கிற அந்த நம்பிக்கையைத்தான் வருகிறவர்கள் காசாக்கிக்கொண்டு போகிறார்கள்.

ஆகவே என் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். காசு கொடுக்காமல் கிடைக்கிற பதிவுகளை உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் செய்து முடிக்கும்வரை, கட்டணப் பதிவு விற்க வருகிற எவருக்கும் சங்கத்தின் பட்டியலையோ சிபாரிசுக் கடிதத்தையோ கொடுக்காதீர்கள். செய்து முடித்த பிறகும், இந்தப் பதிவு எத்தனை அழைப்பைக் கொண்டுவந்தது என்று கணக்குக் காட்டத் தயாராக இருக்கிறவரை மட்டும் உள்ளே விடுங்கள்.

ஒரு கடையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஆரையம்பதிப் பக்கத்தில் ஒரு தையல்கடை. இரண்டு தையல் மெசின், ஒரு ஓவர்லொக் மெசின், உதவிக்கு ஒரு பிள்ளை. சாரி பிளவுசும் பள்ளிக்கூடச் சீருடையும்தான் அங்கே முக்கிய வேலை. நேர்த்தியாக உடுத்துக்கொண்டு ஒருவர் டெப்லட்டுடன் வந்து, இணையத்தில் பெயர் இல்லாத கடை இனி நிற்காது என்று அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தியிருக்கிறார். வருடம் 15,000 ரூபா. காசைக் கட்டிச் சில மாதம் கழித்து, கணக்குக் கொடுக்க வந்த அந்த அக்கா என்னிடம் போனை நீட்டி, "புள்ள, இதப் பார்த்து ஆரும் வருவாங்களா?" என்று கேட்டார். பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கடையின் பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தது. வகை என்ற இடத்தில் ஆடை ஏற்றுமதி என்று போட்டிருந்தார்கள். படத்தில் வெள்ளைக்காரர் ஒருவர் கோட் சூட்டுடன் நின்றார். வரைபடத்தில் கடையைக் காட்டும் சிவப்புக் குறி வாவிக்குள், கரையிலிருந்து நல்ல தூரத்தில் விழுந்திருந்தது. தொலைபேசி இலக்கம் இரண்டு இருந்தன. முதலாவது டிரெக்டரிக்காரரின் சொந்த இலக்கம், "விசாரிக்க" என்று எழுதப்பட்டது. இரண்டாவது 065 என்று தொடங்குகிற நிலையான தொலைபேசி. அதை அந்த அக்கா துண்டித்து எவ்வளவோ காலம்.

அதாவது ஒருவர் அந்தப் பக்கத்தை எப்படியோ கண்டுபிடித்து, பிளவுஸ் தைக்க விரும்பி, அழைப்பு எடுத்திருந்தாலும் அந்த அழைப்பு அக்காவின் போனுக்குப் போயிருக்காது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நூல், லைனிங், மின்கட்டணம், உதவிக்கு நிற்கிற பிள்ளையின் கூலி எல்லாம் கழித்து ஒரு பிளவுசில் 300 ரூபா கையில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15,000 ரூபாவை மீட்க அந்தப் பதிவு மட்டுமே 50 பிளவுஸ் வேலையைப் புதிதாகக் கொண்டுவந்தாக வேண்டும். ஏற்கெனவே வருகிறவர்களைச் சேர்த்து எண்ணக்கூடாது. ஐம்பத்தோராவது பிளவுசில்தான் முதல் இலாபமே தொடங்கும். பதிவு விற்கிறவர் எவரும் இந்தக் கணக்கைக் கடைக்காரர் முன்னால் போட்டுக் காட்டியதை நான் கண்டதில்லை. நம்முடைய சங்கக் கூட்டங்களிலும் யாரும் போட்டுக் காட்டியதில்லை. வங்கிக்கடன் வட்டி பற்றி, வற் வரி பற்றி, மின்கட்டணம் பற்றியெல்லாம் மணிக்கணக்காகப் பேசுகிறோம். இது சின்னத் தொகை என்று விட்டுவிடுகிறோம். சின்னக் கடைக்கு 15,000 சின்னத் தொகை இல்லை. ஒரு மாத வாடகை அதிலே போகும்.

டிரெக்டரி என்ற ஏற்பாட்டையே நான் குறை சொல்லவில்லை. சிறிலங்கா டெலிகொம்மின் ரெயின்போ பேஜஸ் தடித்த புத்தகமாக வந்த காலத்தில், அதில் பெயர் போடக் காசு கொடுத்ததில் நியாயம் இருந்தது. அந்தப் புத்தகம் அலுவலக மேசைகளில், கடைக் கல்லாக்களுக்குப் பக்கத்தில் நிசமாகவே கிடந்தது. ஒரு மெக்கானிக்கையோ அச்சகத்தையோ தேடுகிறவருக்கு அதைப் புரட்டுவதைத் தவிர வேறு வழி குறைவு. காசு கொடுத்தது அச்சடித்த பெயருக்காக இல்லை, அந்தப் புத்தகத்தைப் புரட்டிய கைகளுக்காக. இன்றைக்குக் கேட்கவேண்டிய கேள்வியும் அதேதான்: நீங்கள் விற்கிற பக்கத்தை மட்டக்களப்பிலோ கல்முனையிலோ யார் திறந்து பார்க்கிறார்?

எங்கள் வாடிக்கையாளர் எங்கே தேடுகிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் விசாரிப்பார். பேஸ்புக்கில் ஊர்க் குழுக்களில் "நல்ல கேக் போடுற ஆக்கள் ஆராவது இருக்கா" என்று கேட்பார். வெளியூரிலிருந்து வந்தவர் என்றால் போனில் கூகிள் வரைபடத்தைத் திறந்து "டயர் கடை" என்று தட்டுவார். இந்த மூன்று இடத்துக்கும் நுழைவுக்கட்டணம் இல்லை.

கூகிள் வரைபடத்தில் கடையைக் காட்டும் கூகிள் பிஸ்னஸ் புரொபைல் இலவசம். தேடுகிறவருக்கு எந்தக் கடையை முதலில் காட்டுவது என்பதை மூன்று விடயங்கள் தீர்மானிப்பதாகக் கூகிள் தன் உதவிப் பக்கத்திலேயே சொல்லியிருக்கிறது: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடை எவ்வளவு அறியப்பட்டது என்பது. வரைபடத்தின் சாதாரண முடிவுகளில் காசு கொடுத்து மேலே வர முடியாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. காசு கட்டிப் போடுகிற விளம்பரம் வேறு. அது விளம்பரம் என்ற அடையாளத்துடன்தான் தோன்றும். "எங்களிட்டப் பதிஞ்சா கூகிள்ள முதலாவதா வரும்" என்று ஒருவர் உத்தரவாதம் கொடுத்தால், தன் கையில் இல்லாத ஒன்றை அவர் விற்கிறார்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழுகிறது. டிரெக்டரியிலிருந்து உங்கள் பக்கத்துக்கு இணைப்பு (லிங்க்) வந்தால் கூகிளில் மதிப்புக் கூடும் என்பார்கள். தரமற்ற டிரெக்டரிகளின் இணைப்புகளையும், தேடலில் மேலே வருவதற்காகக் காசுக்கு வாங்கிய இணைப்புகளையும் கூகிள் தன் விதிகளில் குப்பையோடு சேர்த்திருக்கிறது. நூறு டிரெக்டரியில் பெயர் போட்டுத் தருகிறோம் என்கிற பொதியை வாங்குகிறவர் தன் காசில் அந்தக் குப்பையைத்தான் வாங்குகிறார்.

சரியான பெயர், சரியான இலக்கம், திறக்கும் நேரம், நாலைந்து நல்ல படம், வாடிக்கையாளர் எழுதியதற்கு மரியாதையான பதில். இவ்வளவும் இருந்தால் சின்னக் கடைக்கு அந்தப் பக்கமே தாராளம். இதிலும் திறக்கும் நேரம் என்பதை எங்கள் ஊர்களில் கொஞ்சம் பெரிதாக எடுக்கவேண்டும். காத்தான்குடியிலும் ஓட்டமாவடியிலும் சாய்ந்தமருதுவிலும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் நேரம் முழுவதுமாக மாறும். பெருநாளை நெருங்க நெருங்க உடுப்புக்கடைகள் நடுச்சாமம் தாண்டியும் திறந்திருக்கும். தைப்பொங்கலுக்கும் சித்திரை வருடப்பிறப்புக்கும் தமிழ்ப் பக்கத்துக் கடைகள் பூட்டு. தன் கையில் இருக்கிற பக்கம் என்றால் கடைக்காரர் முதல்நாள் இரவே போனில் மாற்றிவிடலாம். டிரெக்டரிப் பக்கம் என்றால் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெருநாள் முடிந்த பிறகு மாற்றி என்ன பயன்?

பலர் கேட்கிற கேள்வி முகவரி பற்றியது. எங்கள் கடைகள் பலவற்றுக்கு இலக்கம் இல்லை. பிள்ளையார் கோயிலடி, ஆஸ்பத்திரிச் சந்தி, மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் என்றுதான் வழி சொல்வோம். அது ஒரு தடையே இல்லை. கடை வாசலில் நின்று வரைபடத்தில் குறியைச் சரியான இடத்துக்கு இழுத்து வைத்தால் போதும். கடை உங்களுடையதுதானா என்று உறுதிப்படுத்த இப்போது பெரும்பாலும் காணொளி கேட்கிறார்கள்: தெரு, பெயர்ப்பலகை, பிறகு கதவைத் திறந்து உள்ளே போய்க் கல்லாவையோ மெசினையோ காட்டவேண்டும். ஒரு நல்ல போனும் பக்கத்தில் தைரியம் சொல்ல ஓர் ஆளும் இருந்தால் கடை திறக்குமுன் முடிகிற வேலை.

அந்தத் தைரியம் சொல்கிற ஆள்தான் எங்கள் கடைகளில் இல்லை. இலவசமாகக் கிடைக்கிற ஒன்றைச் செய்து கொடுக்க ஆள் இல்லாததால்தான் காசு வாங்குகிற ஆள் வருகிறார்.

காசு வாங்கிக்கொண்டு இந்தப் பக்கத்தைச் செய்து கொடுப்பதில் தவறில்லை. உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் சிலர் அந்தப் பக்கத்தைத் தங்கள் சொந்த ஜிமெயில் கணக்கில் திறக்கிறார்கள். கடைக்காரருக்கு அது தெரியாது. அடுத்த வருடம் கட்டணம் கட்டாவிட்டால் இலக்கத்தை மாற்றுவதும், "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று போட்டுவிடுவதாகப் பயம் காட்டுவதும் அவர்கள் கையில். களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஓர் உதிரிப்பாகக் கடைக்காரர் இப்படி மாட்டிக்கொண்டு நின்றார். தன் கடையின் படத்தைக்கூட அவரால் மாற்ற முடியவில்லை. உரிமையைத் திருப்பிக் கேட்கிற வழி கூகிளிலேயே இருக்கிறது. விண்ணப்பித்தால் இப்போது வைத்திருக்கிறவருக்கு அறிவித்தல் போகும், அவர் சில நாட்களுக்குள் பதில் தராவிட்டால் கடைக்காரர் நேரடியாக உரிமை கோரலாம். அந்த மனுசனுக்கு அது கடைசியில் கைகூடியது. அதுவரை அவர் பட்ட மனவுளைச்சலைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். முதன்மை உரிமையாளர் என்ற இடத்தில் கடைக்காரரின் சொந்த மின்னஞ்சல், செய்து கொடுத்தவருக்கு நிர்வாகி என்ற இடம் மட்டும்: இந்த ஒரு விதியை ஒவ்வொரு உறுப்பினருக்கும் நீங்கள் சொல்லிக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பயம் காட்டியும் ஏமாற்றியும் காசு வாங்குவது எங்கள் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2018 இல் ஒரு கூட்டத்தார்மீது வழக்குப் போட்டது. தாங்கள் கூகிள் சார்பில் பேசுவதாகச் சொல்லி, உங்கள் கடை கூகிளிலிருந்து அகற்றப்படப் போகிறது என்று பதிவு செய்த குரலில் சிறு வியாபாரிகளுக்கு அழைப்பு எடுத்து, 300 முதல் 700 டொலர் வரை கறந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் நடந்தது இன்னும் பழையது. "உங்கள் நிறுவன விபரம் சரிதானா என்று பார்த்துக் கையெழுத்திட்டு அனுப்புங்கள்" என்று ஒரு படிவம் வரும். இலவசத் திருத்தம் போலத்தான் தோன்றும். அடியில் பொடி எழுத்தில், கையெழுத்திட்டால் குறைந்தது மூன்று வருடத்துக்கு, வருடம் சுமார் 1,000 யூரோ கட்டச் சம்மதம் என்று இருக்கும். 400க்கு மேற்பட்ட சிறு வியாபாரங்கள் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் மனுக் கொடுத்தன. 2008 டிசம்பரில் பாராளுமன்றம் அந்த டிரெக்டரி நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. அங்கே படித்த, சட்டத்தரணி வைத்துக்கொள்ளக்கூடிய வியாபாரிகளே ஏமாந்திருக்கிறார்கள். விளங்காத ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வைக்கிற எங்கள் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சட்டம் எங்களுக்கும் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம், வியாபாரம் செய்கிறவர் தவறாக வழிநடத்துகிற விதத்தில் நடப்பதைத் தடைசெய்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். அதேவேளை, 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்படி, ஓர் உடன்படிக்கை இலத்திரனியல் முறையில் செய்யப்பட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் செல்லாமல் போய்விடாது. வட்ஸ்அப்பில் வந்த படிவத்துக்கு "சரி" என்று பதில் போடுவதையும் போனில் வந்த ஓடிபி இலக்கத்தைச் சொல்வதையும் எங்கள் ஆட்கள் மிகச் சாதாரணமாகச் செய்கிறார்கள். இரண்டுமே கையெழுத்து வைத்ததுபோல எடுத்துக்கொள்ளப்படலாம் என்பதை அவர்களுக்கு நீங்கள் விளங்கப்படுத்த வேண்டும்.

இந்த மடலில் எனக்கு மிகவும் நெஞ்சில் கிடக்கிற விடயத்துக்கு வருகிறேன். அது வீட்டிலிருந்து தொழில் செய்கிற பெண்களைப் பற்றியது.

யுத்தத்துக்குப் பிறகு எங்கள் மாவட்டங்களில் பெண்ணின் உழைப்பிலேயே நிற்கிற குடும்பங்கள் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இடியப்பம், மிளகாய்த்தூள், ஊறுகாய், அரிசிமா, தையல், எருமைத்தயிர். கடை என்று ஒன்று இல்லை. வீட்டுக் குசினிதான் தொழிற்சாலை, விறாந்தைதான் கடை. ஊக்குவிப்புக் கூட்டம், கண்காட்சி என்று போன இடத்தில் பெயரும் இலக்கமும் எழுதி வாங்குவார்கள். பிறகு ஏதோ ஒரு இணையப் பட்டியலில் அந்தப் பெண்ணின் முழுப்பெயர், வீட்டு முகவரி, கைத்தொலைபேசி இலக்கம் எல்லாம் ஊர் உலகம் பார்க்கக் கிடக்கும். வியாபாரத்துக்கு அழைப்பு வராது. இரவு பதினொரு மணிக்கு வேறு அழைப்புகள் வரும். தனியாக இரண்டு பெண்பிள்ளைகளோடு இருக்கிற ஒரு தாய் அந்தத் தொல்லையில் சிம்மையே மாற்றினார். சிம்மை மாற்றியபோது ஏற்கெனவே இருந்த வாடிக்கையாளர்களையும் இழந்தார். பதிவுக்குக் கட்டிய காசை நான் செலவில் எழுதினேன். இழந்த வாடிக்கையாளர்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

இவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. கூகிள் பக்கத்தில் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்குச் சாமான் கொடுக்கிறோம் என்பதை மட்டும் காட்டலாம். 2018 இல் வந்த வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியும் இலவசம். பொருட்களின் படமும் விலையும் போட்டுக் கட்டலொக் ஒன்று வைக்கலாம், வியாபார நேரத்துக்குப் பிறகு தானாகப் பதில் போக வைக்கலாம், தொழிலுக்கென்று தனி சிம் ஒன்றில் நடத்தலாம். மருதமுனையில் கைத்தறிச் சாரி விற்கிற ஒரு ராத்தாவின் கணக்கு என்னிடம் இருக்கிறது. டிரெக்டரி எதிலும் அவர் பெயர் இல்லை. புதுச் சாரி தறியிலிருந்து இறங்கியதும் வெயிலில் கொடியில் போட்டு, முந்தானையை விரித்து, கரையைக் கிட்டப் பிடித்துப் படம் எடுப்பார். கட்டலொக்கில் ஏற்றுவார். நிறம், நீளம், விலை மூன்றையும் தமிழில் எழுதுவார். ஒரு தடவை வாங்கியவர் அந்த இணைப்பைத் தன் சகோதரிக்கு அனுப்புகிறார். கொழும்பிலிருந்து வருகிற கட்டளைகளின் காசோட்டம் அவர் கொப்பியில் மாதாமாதம் தெரிகிறது. விளம்பரச் செலவு என்ற பத்தியில் போன் டேட்டாக் காசு மட்டும்தான்.

காசு கொடுக்கத் தகுந்த பதிவே கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அறுகம்பேயில் அலைச்சறுக்குக் காலத்தில், சித்திரை வைகாசியிலிருந்து ஐப்பசி வரைக்கும், விருந்தினர் விடுதி நடத்துகிறவர் வெளிநாட்டு முன்பதிவுத் தளங்கள் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. பாசிக்குடாவிலும் அப்படித்தான். அங்கே காசு போவது அறை நிரம்பினால் மட்டும். வந்த பணத்தில் ஒரு பங்கு. அந்தத் தளங்களின் பங்கு கூடுதல் என்று விடுதிக்காரர்கள் குறைப்பட்டாலும், எதற்குக் கொடுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிகிறது. கலியாண மண்டபம், புகைப்படக்காரர், கட்டடச் சாமான், நெல் வெட்டும் இயந்திரம் வாடகைக்கு விடுகிறவர் போன்று ஒரு வேலையில் பெருந்தொகை நிற்கிற தொழில்களுக்கு, ஒரே ஒரு அழைப்பு வந்தாலே வருடக் கட்டணம் தேறிவிடும். கொழும்புக் கம்பனிகளுக்கு மொத்தமாகக் கொடுக்கிறவர் அந்தக் கம்பனிகளின் கொள்வனவுப் பிரிவு பார்க்கிற டிரெக்டரியில் இருப்பதும் நியாயமான செலவு. பிளவுசும் பாணும் விற்கிறவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சந்தை கூடாத நாளில் போய்க் கடை போட்டதுபோல் வருடம் முழுக்கக் காத்திருப்பார்.

எனவே கட்டணம் கட்ட நினைக்கிற உறுப்பினரிடம் சங்கம் சில கேள்விகளைக் கொடுத்தனுப்பட்டும். என் ஊரில் என் தொழிலைத் தேடி உங்கள் தளத்துக்குப் போன மாதம் எத்தனை பேர் வந்தார்கள்? அதைத் திரையில் காட்ட முடியுமா? அழைப்பு என் போனுக்கு வருமா, உங்களுக்கா? அடுத்த வருடம் தானாகவே கட்டணம் அறவிடப்படுமா? நிறுத்த விரும்பினால் யாருக்கு, எப்படி எழுதவேண்டும்? நிறுத்திய பிறகு என் இலக்கத்தை அழித்துவிடுவீர்களா? உடன்படிக்கை தமிழில் இருக்கிறதா? இப்போது இந்தப் பகுதியில் உங்களிடம் பதிந்திருக்கிற இரண்டு கடைகளோடு நான் கதைக்கலாமா? நேர்மையாக நடத்துகிறவர் இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். கடைசிக் கேள்வியிலேயே பலர் எழுந்து போய்விடுவார்கள்.

"கூகிள் வெப்சைட்" இலவசமாக அமைத்துத் தருகிறோம், அமைப்புக் கூலி மட்டும் தாருங்கள் என்று இப்போதும் சிலர் திரிகிறார்கள். பிஸ்னஸ் புரொபைலோடு கிடைத்த அந்த வெப்சைட் வசதியைக் கூகிள் 2024 மார்ச்சிலேயே மூடிவிட்டது. நட்சத்திர மதிப்பீடுகளை மொத்தமாக விற்கிறவர்களும் இருக்கிறார்கள். போலி மதிப்பீட்டைக் கூகிள் தடைசெய்திருக்கிறது. கண்டுபிடித்தால் அழித்துவிடும், கடையின் பக்கத்துக்கே கட்டுப்பாடு வரலாம். இந்த இரண்டையும் உறுப்பினர்களின் வட்ஸ்அப் குழுவில் இன்றைக்கே எழுதிப் போட்டுவிடலாம்.

பணம் கட்டிவிட்டவர்கள் என்ன செய்வது? பயன் இருக்கிறதா என்று அளந்து பார்க்கட்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி. புதிதாக வருகிறவரிடம் "எங்க கேள்விப்பட்டு வந்தீங்க?" என்று கேட்டு ஒரு வரி எழுதினால் சரி. வருடக் கட்டணத்தைப் புதுப்பிக்கிற நாள் வரும்போது கொப்பி பதில் சொல்லும். என்னிடம் கணக்குத் தருகிறவர்களில் இதைச் செய்தவர்கள் எவரும் அதன்பிறகு விற்கிறவரின் பேச்சைக் கேட்டு முடிவெடுக்கவில்லை. ஒரு விடுதிக்காரர் கொப்பியைப் பார்த்துக் கட்டணத்தைத் தொடர்ந்தார், நியாயமான முடிவு. மற்றவர்களில் அநேகர் நிறுத்தினார்கள்.

சங்கங்களால் செய்யக்கூடியதற்குப் பெரிய செலவு இல்லை. வியாபாரப் பெயர்ப் பதிவு பிரதேச செயலகத்தில் இருக்கிறது, வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரம் மாநகரசபை, நகரசபை, பிரதேச சபைகளில் இருக்கிறது. எந்த ஊரில் எந்தக் கடை என்ற விபரம் அரச அலுவலகங்களிலேயே ஒழுங்காகக் கிடக்கிறது. பிரதேச செயலகங்களில் தொழில்முயற்சி அபிவிருத்தியைப் பார்க்கிற உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். சின்னத் தொழில்களுக்குத் தொழில்நுட்ப உதவி தருகிற அரசின் விதாதா வள நிலையங்கள் இருக்கின்றன. போனை விரல்நுனியில் வைத்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஊருக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். கடைக்காரர் பெயர்ப் பதிவுச் சான்றிதழையும் போனையும் கொண்டு வரட்டும். அல்லது மாணவர்கள் இருவர் இருவராகக் கடைக்குப் போகட்டும். முதலில் கடைக்காரருக்குச் சொந்தமாக ஒரு மின்னஞ்சல், கடவுச்சொல்லை அவரே தன் கொப்பியில் எழுதிக்கொள்ளட்டும். பிறகு வரைபடத்தில் பக்கம். பிறகு வட்ஸ்அப் பிஸ்னஸ். தமிழிலும் ஆங்கிலத்திலும் கடையின் பெயரை எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுவதற்கு அன்றைக்கே முடிவு செய்யட்டும். பெயர்ப்பலகையில் ஒரு விதம், பேஸ்புக்கில் வேறு விதம் இருந்தால் தேடுகிறவர் தடுமாறுவார்.

இதோடு இன்னுமொன்று கேட்கிறேன். உறுப்பினர்களின் முறைப்பாடுகளுக்குச் சங்கத்தில் ஒரு பதிவேடு வையுங்கள். காசு கட்டி ஏமாந்தவர் வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. ஏறாவூரில் ஒருவரிடம் வேலையைக் காட்டியவர் அடுத்த கிழமை சம்மாந்துறையில் அதே படிவத்தோடு நிற்கிறார். கடைகள் ஒன்றோடொன்று கதைக்காத வரைக்கும் அவருக்கு வசதி. நுகர்வோர் விவகார அதிகாரசபைக்குத் தனி ஆளாக ஒருவர் முறையிடுவதற்கும், ஒரே ஆளுக்கு எதிராகப் பத்துக் கடையின் பற்றுச்சீட்டுகளோடு சங்கம் முறையிடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில் பதிவு நாள் ஒன்று வைத்தால் எனக்கும் அறிவியுங்கள். மாத முடிவில் கணக்கு முடிக்கிற நாட்களைத் தவிர மற்ற எந்த நாளிலும், வாகரை என்றாலும் பொத்துவில் என்றாலும், பஸ் ஏறி வந்து கூட உட்கார்ந்து செய்து கொடுக்கிறேன். இதற்கு எனக்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
சின்னக் கடைகளின் கணக்கெழுதுகிற ஒருத்தி,
கல்லடி, மட்டக்களப்பு.